ஐப்பசியில் வெயிலுக்கு எங்கே போவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் ‘இலையுதிர்காலச் சேமிப்பு’ என்று ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். ஆப்பிள் ஜாம், பேரிக்காய் ஜாம், பூசணியைத் துண்டு போட்டு பாட்டிலில் அடைப்பது, எண்ணெயில் ஊறும் பூண்டு, கடைசியில் போனால் போகிறது என்று நம்ம ஊருக்காக ஒரு நெல்லிக்காய் ஊறுகாய். வேலூர் மாவட்டத்தில் இருக்கிற எங்கள் குடியாத்தத்தில் இலை உதிர்வது மாசி, பங்குனியில். வேப்பமரத்தடியைத் தினம் இரண்டு வேளை கூட்டுகிறவள் என்பதால் இதை அடித்துச் சொல்வேன். இப்போது நடப்பது ஐப்பசி. பள்ளிக்கூடத்தில் படித்த கணக்குப்படி கூதிர்காலம், தெருக் கணக்குப்படி கொடியில் மூன்று நாளாகக் காயாத துணி.

அந்த நெல்லிக்காய்க் குறிப்பில் ‘மூன்று நாள் நல்ல வெயிலில் உலர்த்தி எடுக்கவும்’ என்று இருக்கிறது. வேலூரை வெயிலூர் என்று ஊரே கேலி பண்ணும், மே மாதம் 42, 43 டிகிரி தொடும், அதெல்லாம் உண்மைதான். ஆனால் ஐப்பசியில் மூன்று நாள் நல்ல வெயிலுக்கு நாங்கள் எங்கே போவது? தீப்பெட்டி வேலை நடக்கிற ஊர் இது, இந்த மாதத்து ஈரம் எப்படிப்பட்டது என்று அந்த வேலை செய்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். குச்சியே காயாத காலத்தில் நெல்லிக்காய் காயுமா?

இதைக் கோபத்தில் எழுதவில்லை, கொஞ்சம் அனுபவத்தில் எழுதுகிறேன். போன வருஷம் இதே மாதிரி ஒரு குறிப்பை நம்பி (உங்கள் பத்திரிகையில் இல்லை, போனில் வந்தது) இரண்டு கிலோ நெல்லிக்காயை மொட்டை மாடியில் பரப்பினேன். மேகம் மூடினால் கீழே எடுத்து வருவது, விட்டால் மேலே கொண்டுபோவது, இப்படி நாலு நாள் மாடிப்படி ஏறி இறங்கியதில் முட்டி வலித்ததுதான் மிச்சம். அப்புறம் ஃபேன் காற்றில் போட்டேன், ஃபேன் என்ன செய்யும், வீட்டில் இருக்கிற ஈரக்காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றிவிடும். சரி, போதும் என்று மிளகாய்ப் பொடியும் எண்ணெயும் போட்டு ஜாடியில் அடைத்தேன். பன்னிரண்டாம் நாள் வேடு அவிழ்த்தால் மேலே வெள்ளையாகப் பூசணம், பஞ்சு மாதிரி. இரண்டு கிலோவும் குப்பைக்குப் போனது. மேலே மட்டும் வழித்துவிட்டு அடியில் இருப்பதைச் சாப்பிடலாமே என்று வீட்டுக்காரர் கேட்டார். கூடாது. பஞ்சாகத் தெரிவது மேலே, அதன் வேர் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இறங்கியிருக்கும்.

என் மாமியார் இருந்திருந்தால் அந்த ஜாடியைப் பார்த்து ஒரே வரியில் முடித்திருப்பார். நான் கல்யாணமாகி வந்த வருஷம் நார்த்தங்காயைக் கூடையோடு மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது சொன்னதுதான்: “ஏம்மா, மழை பேயற மாசத்துல மேல எதைக் காய வெக்கப் போற? உப்புல போட்டு மூடு. தை பொறந்தா வெயிலு தானா வரும்.”

மழைக்கால ஊறுகாயின் மொத்த சூட்சுமமும் அதில் இருக்கிறது. வெயில் வரும்வரை காயைக் கெடாமல் வைத்திருக்கிற வேலையை உப்பு செய்யும். நார்த்தங்காயைச் சுருளாக அரிந்து, உள்ளே கல்லுப்பை அடைத்து ஜாடியில் போட்டால் இரண்டு நாளில் அதுவே தண்ணீர் விட்டுக்கொள்ளும். சித்திரை மாதமாக இருந்தால் காலையில் வெயில், சாயங்காலம் மறுபடி அதே உப்புத் தண்ணீர் என்று மாற்றி மாற்றிப் போட்டு ஒரு வாரத்தில் முடித்துவிடலாம். ஐப்பசியில் அதை அப்படியே அதன் தண்ணீரிலேயே விட்டுவிட வேண்டும். தினம் காலையில் ஜாடியைக் குலுக்கி, மேலே இருப்பதைக் கீழே தள்ள வேண்டும், அவ்வளவுதான் வேலை. எந்தத் துண்டும் தண்ணீருக்கு மேலே தலை நீட்டக் கூடாது, பூசணத்துக்குக் காற்று வேண்டும், அது கிடைக்கிற இடம் அதுதான். எங்கள் வீட்டில் மேலே ஒரு சின்னப் பீங்கான் தட்டைக் கவிழ்த்து அழுத்தி வைப்போம். ஜாடி, மாமியாரின் மாமியார் ராணிப்பேட்டையில் வாங்கியது, மேல்பாதி பழுப்பு, கீழ்ப்பாதி வெள்ளை, ஒரு காது உடைந்தது. இரும்பு மூடி போட்ட பாட்டிலில் வைத்தால் உப்பும் புளிப்பும் சேர்ந்து மூடியை அரித்துத் துருவை ஊறுகாயில் உதிர்த்துவிடும். அதனால் வெள்ளைத் துணியால் வேடு கட்டுவதோடு சரி.

இங்கேதான் உங்கள் பக்கத்தின் மேல் எனக்கு உண்மையான சண்டை. நெல்லிக்காய்க்கு ‘உப்பு தேவையான அளவு’ என்று போட்டிருக்கிறீர்கள். ரசத்துக்கு அப்படிப் போடுங்கள், கேட்க மாட்டேன். ஊறுகாயில் உப்பு ருசிக்காக மட்டும் போடுவதில்லை, அதுதான் காவல். காவலை ‘தேவையான அளவு’ வைக்கிறேன் என்றால் எப்படி? எடை போட்டுச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக் கணக்கு, ஒரு கிலோ எலுமிச்சைக்கு 200 கிராம், ஒரு கிலோ நெல்லிக்காய்க்கு 150 கிராம். அதிலும் கல்லுப்பா தூளுப்பா என்று எழுத வேண்டும். ஒரு டம்ளர் தூளுப்பு ஒரு டம்ளர் கல்லுப்பை விட எடை கூட இருக்கும், டம்ளர் கணக்கு சொன்னால் ஒருத்தி வீட்டில் கரிக்கும், இன்னொருத்தி வீட்டில் கெட்டுப்போகும். போதாக்குறைக்குக் கீழே கட்டம் கட்டி, ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் உப்பைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம் என்று வேறு. எனக்கும் பிரஷர் மாத்திரை உண்டு. ஊறுகாயில் உப்பைக் குறைக்கக் கூடாது, தட்டில் ஊறுகாயைக் குறைக்க வேண்டும்.

எலுமிச்சையைப் பற்றி உங்கள் பக்கத்தில் ஒரு வரி கூட இல்லாதது ஆச்சரியம். கோடையில் ஒரு பழம் பத்து ரூபாய் விற்றபோது எத்தனை செய்தி போட்டீர்கள்! மழைக்காலத்தில் அது சீந்துவாரில்லாமல் கிடக்கும், வாங்கிப் போட வேண்டிய நேரம் இதுதான். வெயிலே வேண்டாத ஊறுகாயும் இதுதான். பழத்தைக் கழுவி ஈரம் துளியும் இல்லாமல் துடைத்து, எட்டாக அரிந்து, உப்பும் கொஞ்சம் மஞ்சளும் போட்டு ஜாடியில் அடைத்துத் தினம் குலுக்கினால் போதும். முதல் வாரம் தோல் விறைப்பாகவே இருக்கும், ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று பயப்படத் தோன்றும். இரண்டாம் வாரம் சாறு கெட்டியாகும், மஞ்சள் நிறம் மங்கிப் பழுப்பு தட்டும். இருபது நாளில் துண்டை எடுத்து விரலால் அழுத்தினால் நகம் இறங்கும். அப்போது மிளகாய்ப் பொடி, வறுத்துப் பொடித்த வெந்தயம், பெருங்காயம், காய்ச்சி ஆற வைத்த நல்லெண்ணெய். ஆற வைத்த என்பதை அழுத்திச் சொல்கிறேன், சூட்டோடு ஊற்றினால் மிளகாய்ப் பொடி கருகி நிறம் செத்துவிடும்.

நெல்லிக்காயையும் வெயில் இல்லாமல் போடலாம். இட்லிப் பானைத் தட்டில் வைத்து ஆவியில் வேக விட்டால் பத்து நிமிஷத்தில் காய் தானாகச் சுளை சுளையாக வாய் பிளக்கும், கொட்டையைத் தள்ளிவிடலாம். பிறகு வாணலியில் எண்ணெய் தாராளமாக விட்டு, கடுகு தாளித்து, சுளையில் இருக்கிற தண்ணீர் சுண்டி எண்ணெய் ஓரத்தில் பிரிகிறவரை வதக்க வேண்டும். வெயில் எடுக்க வேண்டிய தண்ணீரை அடுப்பு எடுக்கிறது, அவ்வளவுதான் விஷயம். கேஸ் கொஞ்சம் செலவாகும், சென்ற வருஷம் குப்பையில் கொட்டிய இரண்டு கிலோவை நினைத்தால் அது பெரிசில்லை. புளிச்சக்கீரைத் தொக்குக்கும் இதே கதைதான், கழுவிய கீரையை ராத்திரி முழுக்க வேட்டித் துணியில் பரப்பி ஈரம் போக்கிவிட்டு வதக்க வேண்டும். ஒரு கூடைக் கீரை வதங்கி ஒரு கிண்ணமாகச் சுருங்குவதைப் பார்த்தால் யாரோ பாதியைத் தின்றுவிட்டதாகச் சந்தேகம் வரும்.

தக்காளியை மட்டும் ஐப்பசிக்கு முன்பே முடித்துவிட வேண்டும். 2021 நவம்பர் யாருக்காவது மறக்குமா? ‘தண்ணியில்லாத ஆறு’ என்று ஊரே கிண்டல் செய்த வேலூர்ப் பாலாறு கரை புரண்டது, மோர்தானா அணை வழிந்து எங்கள் கவுண்டன்யா ஆற்றில் வெள்ளம், தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் மலிவாகக் கிடைத்தபோது ஐந்து கிலோ வாங்கித் தொக்கு கிளறி வைத்திருந்ததால் எங்கள் வீட்டில் அந்த மாதம் குழம்பு, ரசம், தோசைக்குச் சட்னி எல்லாம் அதிலேயே ஓடியது. பக்கத்து வீட்டு அக்கா கிண்ணத்தோடு வந்து கேட்டார், கொடுத்தேன், கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. ஒன்று கவனிக்க வேண்டும். இப்போது வருகிற பெங்களூர் தக்காளியில் தோல்தான் கெட்டி, புளிப்பு கம்மி. நாட்டுத் தக்காளி மாதிரி அதுவே தன்னைக் காப்பாற்றிக்கொள்ளாது. கிலோவுக்கு ஒரு எலுமிச்சை அளவு புளியைச் சேர்த்துக் கிளறினால்தான் நிற்கும்.

அப்புறம் அந்தப் பூண்டு. இதற்காகத்தான் முக்கியமாகப் பேனாவை எடுத்தேன். பச்சைப் பூண்டை உரித்து பாட்டிலில் போட்டு எண்ணெய் ஊற்றி ‘வெளியிலேயே ஆறு மாதம் வைக்கலாம்’ என்று அச்சிட்டிருக்கிறீர்கள். இதில் உப்பும் இல்லை, புளிப்பும் இல்லை. எண்ணெய் காற்றை அடைத்துவிடும், பூசணம் வராது, பார்க்கப் பளிச்சென்று இருக்கும். ஆனால் காற்றே இல்லாத இடத்தில்தான் வளர்வேன் என்கிற கிருமி ஒன்று இருக்கிறது, கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்று பெயர். மண்ணில் இருப்பது, பூண்டோடு ஒட்டி வரும். அது உண்டாக்கும் விஷம் நரம்பை முடக்கி மூச்சையே நிறுத்திவிடும், வாசனையிலோ நிறத்திலோ காட்டிக்கொடுக்காது. பாட்டிலில் அடைத்த பூசணிக்கும் இதே ஆபத்து உண்டு, அதுவும் புளிப்பில்லாத காய். நம்ம ஊர்ப் பூண்டு ஊறுகாயில் புளியோ எலுமிச்சைச் சாறோ எதற்கு அவ்வளவு ஊற்றினார்கள் என்று இப்போது புரிகிறதா? அந்தக் குறிப்புக்கு மட்டும் தயவுசெய்து ஒரு திருத்தம் போடுங்கள், அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில். யாராவது செய்து வைத்திருந்தால் கொட்டிவிடச் சொல்லுங்கள்.

இன்னொன்று, எல்லாவற்றையும் பத்திரப்படுத்தியே ஆக வேண்டும் என்றும் இல்லை. பேர்ணாம்பட்டு சாலையில் கூடையோடு உட்காருகிற பெண்களிடம் இப்போது சீத்தாப்பழம் கிடைக்கிறது. அதை ஜாம் கிளறுகிறேன் என்று என் ஓர்ப்படி அடுப்பில் ஏற்றினாள், சூடு ஏற ஏற நிறம் மங்கி, வாயில் வைத்தால் கசப்பு. சீத்தாப்பழத்தின் குணமே அது, சூடு பட்டால் கசக்கும். வாங்கினோமா, இரண்டு நாள் அரிசிப் பானையில் வைத்தோமா, கொட்டையைத் துப்பினோமா என்று இருக்க வேண்டிய பழம். மல்லாட்டையும் (வேர்க்கடலை) அப்படித்தான். புரட்டாசியில் பிடுங்கியது சரியாகக் காயாமல் மழையில் மாட்டினால் மூட்டைக்குள்ளேயே பச்சையாகப் பூசணம் பிடிக்கும். அந்தப் பூசணம் விடுகிற நஞ்சு வறுத்தாலும் முழுசாகப் போகாது. பிடுங்கிய கையோடு, பச்சைக் கடலையாக இருக்கும்போதே உப்புப் போட்டு வேக வைத்துத் தின்று தீர்ப்பது நல்லது. கசக்கிற பருப்பைத் துப்பிவிடுங்கள், காசு போகிறதே என்று விழுங்காதீர்கள்.

ஆப்பிள் ஜாம் போடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. காஷ்மீரிலும் சிம்லாவிலும் அவர்களுக்கு அது அறுவடைக்காலம், அவர்கள் போடட்டும், நாமும் ஆசைக்கு ஒரு தடவை போடலாம். ஆனால் ஐப்பசி, கார்த்திகைக்கு என்று ஒரு பக்கம் ஒதுக்கும்போது எங்கள் மார்க்கெட்டில் இந்த வாரம் என்ன குவிந்திருக்கிறது என்று ஒரு நிருபரையாவது அனுப்பிப் பார்த்திருக்கலாம். குடியாத்தம் வேண்டாம், வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் ஒரு காலை நேரம் நின்றால் போதும், நார்த்தங்காய் வாங்குகிற கிழவிகளிடம் பக்கம் பக்கமாகக் குறிப்பு கிடைக்கும். உப்பு எவ்வளவு என்று கேட்டால் கையைக் காட்டுவார்கள், அந்தக் கையளவைத் தராசில் போட்டுக் கிராமில் எழுதுவது உங்கள் வேலை.

இப்படிக்கு,
ஐம்பத்தெட்டு வயது வாசகி,
குடியாத்தம்.

பி.கு.: என் ஜாடியில் பன்னிரண்டு நார்த்தங்காய் உப்பில் கிடக்கிறது, இன்றைக்குப் பதினோராம் நாள். தை மாதம் வெயிலில் போடும்போது போட்டோ அனுப்புகிறேன், வேண்டுமானால் போட்டுக்கொள்ளுங்கள்.