ஜெனரல் தெ கோலின் ஊருக்குப் போய்வந்தேன், தாத்தா

லா கூர்னேவ்
நவம்பர் 16

அன்புள்ள தாத்தாவுக்கு,

பேரன் எழுதிக்கொள்வது. நான் இங்கே நலம். நீங்களும் பாட்டியும் எப்படி இருக்கிறீர்கள்? போனில் பேசினால் பாதி உங்கள் காதில் விழுவதில்லை, மீதியை அப்பா தன் இஷ்டத்துக்குச் சுருக்கிச் சொல்லிவிடுகிறார். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். பாட்டியைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

வேலை நிலைத்துவிட்டது. ரோவாசி விமான நிலையத்தில் பெட்டி பிரித்து அனுப்பும் பகுதி. காலை ஷிப்ட் என்றால் 5 மணிக்கு உள்ளே இருக்க வேண்டும். அந்த நேரத்துக்கு ரயில் உதவாது, நைட் பஸ்தான். தமிழர், மாலிக்காரர், அல்ஜீரியர், போர்ச்சுகீசியப் பெண்கள் என்று எல்லோரும் தூங்கிக்கொண்டே வருவோம், இறங்கும் இடத்தில் மட்டும் யாரும் சொல்லாமலே கண் திறந்துவிடும். குளிரைப் பற்றி எல்லோரும் பயமுறுத்தினார்கள். குளிரைக்கூடச் சமாளித்துவிடலாம், ஈரம்தான் ஆளைக் கொல்கிறது. கையுறை போட்டால் பெட்டியில் ஒட்டிய சீட்டைப் பிரிக்க வராது, கழற்றினால் விரல் மரத்துப்போகும். நான் வலது கை உறையில் இரண்டு விரலுக்கு மட்டும் நுனியை வெட்டிவிட்டேன். இங்கே பழைய ஆட்கள் எல்லோருமே அப்படித்தான் வைத்திருக்கிறார்கள்.

அறையில் என்னோடு இருப்பவர் ஒரு யாழ்ப்பாணத்து அண்ணன். ஞாயிற்றுக்கிழமை அவர் வைக்கும் மீன்குழம்புக்காகவே வாடகை கொடுக்கலாம். இங்கே தங்கும் அட்டைக்காக அவர் பல வருஷம் அலைந்தவர், முதல் தடவை மறுத்துவிட்டார்களாம். என்னைப் பார்த்து, "உங்களுக்கென்ன தம்பி, பாஸ்போர்ட்டோட பிறந்த ஆக்கள்" என்பார். கேலிதான், ஆனால் கொஞ்சம் வயிற்றெரிச்சலும் உண்டு. அவர் சொல்வதில் தப்பில்லை. 1962-ல் பிரெஞ்சுக்காரராகவே இருக்கிறேன் என்று நீங்கள் போட்ட ஒரு கையெழுத்தில்தானே நான் இங்கே நிற்கிறேன்.

பிரான்ஸ் ஜனாதிபதியாக இருந்த உங்கள் ஜெனரலும் இங்கே என்னை விடுவதாக இல்லை. நான் வேலை பார்க்கும் விமான நிலையமே தெ கோல் பெயரில்தான், 1974-ல் திறந்தது. வெற்றி வளைவு நிற்கும் சதுக்கம் அவர் பெயர். விமானம் தாங்கிக் கப்பலுக்கு அவர் பெயர். எந்தச் சின்ன ஊருக்குப் போனாலும் நம் ஊர் நேரு வீதி போல ஒரு தெ கோல் வீதி உண்டு. போன குளிருக்கு நெஞ்சில் சளி கட்டி டாக்டரிடம் போனேனே, பச்சை அட்டையை நீட்டியதும் பெரும்பாலான செலவை அரசாங்கக் காப்பீடே பார்த்துக்கொண்டது. அந்தக் காப்பீட்டுக்கு ஆணை பிறந்ததும் 1945 அக்டோபரில், அவர் தலைமையில் கம்யூனிஸ்டுகளும் சேர்ந்திருந்த தற்காலிக அரசில்தான். பெண்களுக்கு ஓட்டுரிமை தந்த 1944 ஆணையும் அப்படித்தான். பாட்டியிடம் இதைத் தனியாகச் சொல்லுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் கேட்டுக்கொண்டே இருந்தீர்களே, ஜெனரலின் ஊரான கொலொம்பேக்குப் போய்விட்டேன். கூட வேலை செய்யும் நண்பர் தன் காரில் அழைத்துப் போனார். பாரிஸிலிருந்து கிழக்கே ஏறக்குறைய 250 கிலோமீட்டர். வழியெல்லாம் உழுது போட்ட வயல், காடு, மறுபடி வயல். ஊருக்கு முன்பே குன்றின்மேல் அந்த இரட்டைக் கை லொரேன் சிலுவை, போரில் அவர் படையின் சின்னமாக இருந்தது, தெரிந்துவிடுகிறது. 44 மீட்டர் உயரம், 1972-ல் வைத்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. அவருக்குப் பிறகு வந்தவர்களின் ஆசை அது என்று பட்டது, ஏனென்றால் கீழே மாதா கோயில் ஓரத்தில் இருக்கும் கல்லறை முற்றிலும் வேறு மாதிரி இருக்கிறது.

வெள்ளைக் கல். பெயர், பிறகு 1890, 1970. அவ்வளவுதான். ஜெனரல் என்றும் இல்லை, ஜனாதிபதி என்றும் இல்லை. நான் இரண்டு தடவை சுற்றி வந்து பார்த்தேன், வேறு எங்காவது பொறித்திருப்பார்களோ என்று. 1952-லேயே உயில் எழுதி வைத்துவிட்டாராம்: அரசு மரியாதை வேண்டாம், அமைச்சர்கள் வேண்டாம், பேச்சு வேண்டாம், பட்டாளம் வரலாம் ஆனால் பேண்டு வாசிக்கக் கூடாது. அதனால் உலகத் தலைவர்கள் எல்லாம் பாரிஸ் நோத்ர்தாமில் பூசை பார்த்தார்கள். இங்கே சவப்பெட்டியைத் தூக்கியது ஊர்ப் பையன்கள்.

அதே கல்லறையில் அவருடைய மகளும் இருக்கிறாள். ஆன், 1928-ல் பிறந்தவள், டவுன் சிண்ட்ரோம். அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளை எங்கோ கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்கள். இவரும் மனைவியும் அவளைக் கடைசிவரை வீட்டிலேயே வைத்திருந்தார்கள். எங்கே மாற்றலானாலும் கூடவே போனாள், 1940-ல் இங்கிலாந்துக்கும். யாரிடமும் நெருங்காத அந்த நெட்டை மனிதர், அவளை மடியில் வைத்துப் பாட்டுப் பாடுவாராம். 20 வயதில் அவள் போனபோது மனைவியிடம், "இப்போது அவளும் மற்றவர்களைப் போல ஆகிவிட்டாள்" என்று சொன்னதாகச் சொல்கிறார்கள். நீங்கள் லண்டன் ரேடியோ, பாரிஸ் விடுதலை எல்லாம் சொல்லியிருக்கிறீர்கள், இந்தப் பெண்ணைப் பற்றி ஒருநாளும் சொன்னதில்லையே தாத்தா.

பக்கத்தில் 2008-ல் திறந்த ஒரு நினைவகம் இருக்கிறது. உள்ளே நல்ல வெதுவெதுப்பு, மெதுவாகவே பார்த்தேன். முதல் உலகப் போரில் வெர்தனில் ஜெர்மன்காரர்களிடம் பிடிபட்டு, ஐந்து முறை தப்பிக்கப் பார்த்து, ஐந்து முறையும் மாட்டிக்கொண்டவர் என்பது எனக்குத் தெரியாது. அவ்வளவு உயரத்தை வைத்துக்கொண்டு எங்கே ஒளிவது! பிரான்ஸ் தோற்றாலும் போரை விடக்கூடாது என்று லண்டனிலிருந்து அவர் பேசிய 1940 ஜூன் 18 ரேடியோப் பேச்சை அன்று கேட்டவர்கள் மிகக் கொஞ்சம். ஒலிப்பதிவுகூட இல்லை. அதே வருஷம் ஆகஸ்டில், ஜெர்மனிக்குப் பணிந்துபோன விஷி அரசின் ராணுவக் கோர்ட் அவருக்கு மரண தண்டனையே விதித்துவிட்டது. அந்த நிலையில் இருந்த மனிதர் பக்கம்தான் செப்டம்பரில் நம் பாண்டிச்சேரி கவர்னர் போன்வேன் சேர்ந்தார். நாலு பக்கமும் பிரிட்டிஷ் இந்தியா இருக்கும்போது வேறு எங்கே சேர்வது என்று அப்பா சொல்வார். நீங்கள் ஒத்துக்கொள்ளமாட்டீர்கள்.

1961 ஏப்ரல் டிவிப் பேச்சை அங்கே ஓட்டுகிறார்கள். நீங்கள் அல்ஜீரியாவில் பட்டாள லைனில் ரேடியோவில் கேட்டதாகச் சொல்வீர்களே, அதேதான். அல்ஜீரியாவை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று நான்கு ஜெனரல்கள் அல்ஜியர்ஸைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, அவர் பழைய ராணுவ உடையை மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறார். ஜனாதிபதியாகப் பேசினால் சிப்பாய் காதில் ஏறாது என்று தெரிந்திருக்கிறது. நடுவில் "எலாஸ், எலாஸ், எலாஸ்" என்று மூன்று முறை, நம் வீட்டுப் பெரியவர்கள் தலையில் கை வைத்துக்கொண்டு 'ஐயோ' என்பார்களே, அந்தக் குரல். கடைசியில் பிரெஞ்சுக்காரர்களே, எனக்கு உதவுங்கள் என்று முடிக்கிறார். கட்டாயச் சேவையில் இருந்த பையன்கள் டிரான்சிஸ்டரில் அதைக் கேட்டு, மேலதிகாரி சொன்னாலும் நகரமாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். நாலைந்து நாளில் கலகம் பிசுபிசுத்துப்போயிற்று. ஒரு ராணுவக்காரர் ராணுவத்தின் கையைக் கட்டிப்போட்டதை இப்போதுதான் கண்ணால் பார்த்தேன்.

இன்னொன்றும் எழுதியாக வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். காரோட்டி வந்த நண்பர் கல்லறை வாசல்வரை வந்தார், உள்ளே வரவில்லை. சிகரெட் பிடித்துக்கொண்டு வெளியிலேயே நின்றார். அவருடைய குடும்பம் அல்ஜீரியாவிலிருந்து வந்தது. திரும்பும்போது காரில்தான் சொன்னார். 1961 அக்டோபர் 17 இரவு, ஊரடங்கை எதிர்த்துப் பாரிஸில் ஊர்வலம் போன அல்ஜீரியர்களைப் போலீஸ் அடித்துக் கொன்றது, சிலரை செய்ன் நதியில் தூக்கி எறிந்தது. அப்போது ஜனாதிபதி உங்கள் ஜெனரல். போலீஸ் தலைவர் பப்போன் அதற்குப் பிறகும் 1967 வரை அதே நாற்காலியில் இருந்தார். சேன் மிஷேல் பாலத்தில் 2001-ல்தான் ஒரு நினைவுப் பலகை வைத்தார்கள். நான் அந்தப் பாலத்தை எத்தனையோ தடவை கடந்திருக்கிறேன், இனிமேல் அந்தப் பலகையைப் பார்க்காமல் கடக்க முடியாது. பிரான்ஸுக்காகச் சண்டை போட்ட அல்ஜீரியச் சிப்பாய்களின் கதையும் அப்படித்தான். 1962-ல் ஆயுதத்தை வாங்கிக்கொண்டு அவர்களில் பெரும்பாலோரை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்கள், ஆயிரக்கணக்கில் செத்தார்கள். உங்களோடும் சிலர் இருந்திருப்பார்கள். அல்ஜீரியா என்றால் ரேடியோ கதையோடு நீங்கள் நிறுத்திக்கொள்வது அதனால்தானோ என்று வழியெல்லாம் யோசித்தேன்.

அந்த 1962-ஐ நாள் நாளாக வைத்துப் பார்த்தால் தலை சுற்றுகிறது. ஜூலையில் அல்ஜீரியா சுதந்திரம் பெற்றது. 1956-லிருந்து கிடப்பில் கிடந்த நம் பாண்டிச்சேரி ஒப்பந்தத்தை அதே ஜூலையில்தான் பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புக்கொண்டது. ஆகஸ்ட் 16-ல் சட்டப்படி நம் ஊர் கைமாறியது. சரியாக ஆறு நாள் கழித்து, 22-ம் தேதி, பாரிஸ் பக்கத்து பெத்தி கிளமாரில் ஜெனரலின் காரைச் சல்லடையாகச் சுட்டார்கள், அல்ஜீரியாவை விட்டுக்கொடுத்தவன் என்று. அவரும் மனைவியும் குண்டு படாமல் தப்பினார்கள். அந்த அம்மாள் பின்னால் டிக்கியில் வைத்திருந்த கோழிக்கு என்ன ஆயிற்றோ என்றுதான் கேட்டாராம்! நீங்கள் அந்த வாரம், பிரெஞ்சுக்காரராகவே இருப்பதா, இந்தியராவதா என்று எழுதிக் கொடுக்க ஆறு மாதக் கெடு தொடங்கி, யோசித்துக்கொண்டிருந்திருப்பீர்கள். நம் ஊரைக் கைகழுவிய அதே ஆளை நம்பித்தான் நீங்கள் கையெழுத்துப் போட்டீர்கள். விசித்திரமாக இல்லையா?

அவ்வளவு பெரிய ஆளை ஏன் துரத்திவிட்டார்கள் என்று கேட்பீர்களே, துரத்தவில்லை தாத்தா. 1946-லும் தானாகத்தான் போனார், கட்சிக்காரர்களோடு ஒத்துவரவில்லை. 1958-ல் பட்டாளம் மிரட்டிக்கொண்டிருந்த நேரத்தில் திரும்பி வந்தபோது, இவர் சர்வாதிகாரி ஆகிவிடுவார் என்று பாதி நாடு பயந்தது. 67 வயதில் சர்வாதிகாரி வேலைக்குப் புதிதாகச் சேரப்போகிறேனா என்று நிருபர்களைத் திருப்பிக் கேட்டார். பயந்தவர்களைக் குறை சொல்ல முடியாது. அரசியல் சட்டத்தையே ஜனாதிபதி கைக்கு வாகாக மாற்றியவர் அவர். ஆனால் 1969 ஏப்ரலில், செனட்டையும் மாகாணங்களையும் பற்றி ஒரு ஓட்டெடுப்பு. தோற்றால் போய்விடுவேன் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். 52 சதவீதம் வேண்டாம் என்றது. நள்ளிரவு தாண்டியதும் கொலொம்பேயிலிருந்து இரண்டே வாக்கியம்: ஜனாதிபதி பொறுப்பிலிருந்து விலகுகிறேன், இந்த முடிவு இன்று நண்பகலிலிருந்து அமல். விளக்கமும் இல்லை, புலம்பலும் இல்லை. பதவிக் காலம் இன்னும் மூன்றரை வருஷத்துக்கு மேல் பாக்கி இருந்தது. என் கணக்கில் 1940-ஐவிட இதுதான் பெரிய காரியம். நண்பரிடமும் இதைச் சொன்னேன். "போவது நன்றாகத் தெரிந்திருக்கிறது, அந்தப் போலீஸ் தலைவனை வீட்டுக்கு அனுப்பத்தான் தெரியவில்லை" என்றார். இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்கிறேன்.

அடுத்த மாதம் பணம் கொஞ்சம் கூட அனுப்புகிறேன், பாட்டியின் முழங்காலுக்கு நல்ல டாக்டராகப் பாருங்கள். பென்சனுக்கு உயிரோடிருக்கும் சான்று அனுப்பும் தேதி நெருங்குகிறது. அப்பாவைக் கூட்டிக்கொண்டு போங்கள், சைக்கிளில் தனியாகக் கிளம்பிவிடாதீர்கள். கல்லறைப் போட்டோ இதனுடன் வைத்திருக்கிறேன்.

அப்புறம், அன்று உங்கள் லைனில் இருந்த ரேடியோ யாருடையது? சுற்றி உட்கார்ந்து கேட்டவர்களில் அல்ஜீரியர்கள் இருந்தார்களா? பாட்டியை எழுதச் சொல்லுங்கள், நண்பரும் கேட்டார்.

அன்புடன்,
உங்கள் பேரன்