கதீனா பக்ஸினூ ஹாலிவுட் நடிகை அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். துணை நடிப்புக்காக ஆஸ்கர் வாங்கியவர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆர்வமாகப் படித்தேன். அதில் கதீனா பக்ஸினூவுக்குக் கிடைத்தது நான்கே வரி. 'ஒரே படத்தில் புகழ்பெற்ற ஹாலிவுட் நடிகை' என்று சொல்லி முடித்துவிட்டார் கட்டுரையாளர். எனக்கு மனசு கேட்கவில்லை. பக்ஸினூ கிரேக்க நாடக மேடைக்குச் சொந்தமானவர். சினிமா அவர் வாழ்க்கையில் நடுவே வந்து சேர்ந்தது, அதுவும் போர் வந்ததால்.

1900இல் பிரேயஸ் துறைமுக நகரில் பிறந்தவர். முதலில் கற்றது பாட்டு. ஜெனீவாவில் இசை பயின்று, 1920இல் பிரேயஸ் நகராட்சி அரங்கில் திமித்ரி மித்ரோபுலோஸ் இசையமைத்த ஓபராவில் பாடினார். வசன நாடகத்துக்கு வந்தபோது அவருக்கு வயது முப்பதை நெருங்கிவிட்டது. 1932இல் ஏதென்ஸில் தேசிய நாடக அரங்கம் தொடங்கியபோது அதில் சேர்ந்தார். இப்சனும் ஷேக்ஸ்பியரும் பழைய கிரேக்கத் துன்பியல் நாடகங்களும் அவருக்குப் பழகியது அங்கேதான். கணவர் அலெக்சிஸ் மினோதிஸும் அங்கே நடிகர்தான். பிறகு இயக்குநரும் ஆனார்.

கட்டுரையில் எபிடாரஸ் என்ற பெயரே இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய குறை. கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டில் கிரீஸில் ஒரு மலைச்சரிவில் கட்டிய திறந்தவெளி அரங்கம் அது. ஐம்பத்தைந்து வரிசைக் கல் இருக்கைகள். பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். பல நூற்றாண்டுகள் பேச்சற்றுக் கிடந்த அந்த இடத்தில், நம் காலத்தில் முதன்முதலாக ஒரு பழைய நாடகம் நடந்தது 1938இல். சொஃபோக்ளிஸின் 'எலெக்ட்ரா', தந்தையைக் கொன்ற தாயைப் பழிவாங்கத் துடிக்கும் மகளின் கதை. இயக்கியவர் திமித்ரிஸ் ரொந்திரிஸ். எலெக்ட்ராவாக நின்றவர் பக்ஸினூ. மைக் கிடையாது, குளோஸ்-அப் கிடையாது. கடைசி வரிசையில் இருப்பவருக்கு நடிகரின் முகம் ஒரு புள்ளிதான். அவருக்கும் துக்கம் போய்ச் சேர வேண்டுமென்றால் தோளும் கையும் நடையும் மூச்சும் சேர்ந்து பேச வேண்டும். பாடகியாக இருந்தது அவருக்கு அங்கே எவ்வளவு உதவியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அப்புறம் இரண்டாம் உலகப் போர். லண்டனில் நடித்துக்கொண்டிருந்தவர் ஊர் திரும்ப முடியாமல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். 1941இல் கிரீஸ் ஜெர்மானியர் கையில் விழுந்தது. அந்தக் குளிர்காலத்தில் ஏதென்ஸில் பட்டினியால் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். இந்த நிலையில்தான் 'ஃபார் ஹூம் தி பெல் டோல்ஸ்' படத்தில் பிலார் வேடம் கிடைத்தது. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில், தளர்ந்துபோன கணவனிடமிருந்து கெரில்லாக் குழுவின் தலைமையைத் தன் கையில் எடுத்துக்கொள்ளும் பெண். கேரி கூப்பரும் இங்க்ரிட் பெர்க்மனும் காதலர்களாக வரும் படத்தில், இவர் வந்து நின்றாலே மற்றவர்கள் கொஞ்சம் பின்னால் போய்விடுகிறார்கள். அது அவருடைய முதல் படம் என்று சொன்னால் நம்ப முடியாது. 1944 மார்ச்சில் ஆஸ்கர் வந்தது. துணை நடிகர்களுக்கு அதுவரை பலகைதான் கொடுத்தார்கள். முழுச் சிலை கொடுக்க ஆரம்பித்தது அந்த ஆண்டில்தான். அந்தச் சிலையை அவர் வாங்கிய அன்றும் ஏதென்ஸ் விடுதலை ஆகியிருக்கவில்லை.

அதன் பிறகு ஹாலிவுட்டுக்கு அவரை என்ன செய்வதென்று தெரியவில்லை என்பது என் கருத்து. 1947இல், எலெக்ட்ரா கதையை அமெரிக்கக் குடும்பத்துக்கு மாற்றி எழுதிய யூஜின் ஓ'நீலின் 'மோர்னிங் பிகம்ஸ் எலெக்ட்ரா' நாடகம் படமானபோது மட்டும் சரியான இடம் கிடைத்தது. எபிடாரஸில் எலெக்ட்ராவாக நின்றவர், அதில் எலெக்ட்ராவின் இடத்தில் வரும் மகளின் பகைக்கு ஆளாகும் தாயாக நடித்தார். பிறகு ஆர்சன் வெல்ஸின் 'மிஸ்டர் ஆர்கடின்' படத்தில் சின்ன வேடம். அதே வெல்ஸின் 'தி ட்ரையல்' படத்தில் நடித்த காட்சி வெட்டப்பட்டே போய்விட்டது.

இதற்குள் அவர் ஊருக்குத் திரும்பியிருந்தார். 1955இல் எபிடாரஸ் விழா முறையாகத் தொடங்கியது யூரிபிடீஸின் 'ஹெகுபா'வோடு. இயக்கம் மினோதிஸ், ஹெகுபாவாக பக்ஸினூ. நாட்டையும் பிள்ளைகளையும் பறிகொடுத்த டிராய் அரசி. இதை அறிந்துகொண்டு 1960இல் வந்த விஸ்கோன்டியின் 'ரோக்கோ அண்ட் ஹிஸ் பிரதர்ஸ்' படத்தைப் பாருங்கள். இத்தாலியின் தெற்கிலிருந்து பிள்ளைகளோடு மிலான் வந்து இறங்கும் விதவை ரொசாரியா அவர்தான். அதில் அவர் நடிப்பு மிகை என்று சொல்பவர்கள் உண்டு. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தலையில் அடித்துக்கொண்டு அழுவதும், பிள்ளைகளை வைதுகொண்டே அணைப்பதும், அக்கம்பக்கமெல்லாம் கேட்கப் பெருமை பேசுவதும் கிராமத்துத் தாய் செய்வதுதானே? அவள் துக்கம் அப்படித்தான் வெளியே வரும். அந்த அழுகைக்குள் ஹெகுபா இருக்கிறாள். அதை அடக்கி வாசித்திருந்தால் படத்தின் முதுகெலும்பே போயிருக்கும்.

1967இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு கணவனும் மனைவியும் தேசிய அரங்கத்தை விட்டு வெளியேறிச் சொந்தக் குழு நடத்தினார்கள். ப்ரெக்டின் 'மதர் கரேஜ்' நாடகத்தில் போர்க்களம் போர்க்களமாக வண்டியிழுக்கும் தாயாகவும் நடித்தார். 1973 பிப்ரவரியில் ஏதென்ஸில் காலமானார்.

இத்தனையும் 'ஒரே படத்தில் புகழ்பெற்றவர்' என்ற வரிக்குள் அடங்காது. கட்டுரை தொடராக வரப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள். அதில் கிரேக்க மேடைக்கென்று ஒரு பகுதி ஒதுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பக்ஸினூவோடு மனோஸ் கட்ராகிஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மக்ரோனிசோஸ் தீவில் அரசியல் கைதியாக இருந்தவர், 'ஆன்டிகனி' படத்தில் கிரயோன் மன்னனாக நடித்தவர். ஆஸ்கர் பட்டியலை மட்டும் பார்த்தால் அவர் பெயர் வரவே வராது.

அன்புடன்,
நீண்டநாள் வாசகர்,
கும்பகோணம்