எங்கள் குடத்தில் இருந்த ஊர்களுக்கு

அன்புடையீர்,

இன்று விடியற்காலை தெருக்குழாயில் தண்ணீர் வரும் சத்தம் கேட்டது. நான் எழுந்து ஓடவில்லை, படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். ஆறு மாதத்துக்கு முன்னால், சென்னை வறண்டு கிடந்த 2019 கோடையில், இந்தத் தெருவில் யாருக்கும் அந்தச் சொகுசு கிடையாது. அப்போது பட்ட நன்றிக்கடனை ஈரம் காய்வதற்குள் எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

முதல் நன்றி எங்கள் தெருவில் வால்வு திறக்கும் தம்பிக்கு. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் சேர்ந்து 11,257 மில்லியன் கன அடி கொள்ளும். ஜூன் மாதம் அவற்றில் ஒரு சதவீதம்கூட இல்லை. நாளொன்றுக்கு 83 கோடி லிட்டர் கொடுத்துவந்த குடிநீர் வாரியம் அதைச் சுமார் 52 கோடியாகக் குறைத்தது. இந்தக் கணக்கையெல்லாம் அதிகாரிகள் செய்தியாளர்களிடம் சொன்னார்கள். தெருவில் நின்று எங்களிடம் சொன்னது அந்தத் தம்பிதான். "இன்றைக்கு நாற்பது நிமிடம்தான் அம்மா, கடைசி வீட்டுக்கும் போக வேண்டும்" என்பார். திட்டினோம், நானும் திட்டியிருக்கிறேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்பார். நாற்பது என்றால் நாற்பதுதான். மேட்டில் இருக்கும் கடைசி வீட்டுக்கு இரண்டு குடமாவது கிடைத்தது அந்தப் பிடிவாதத்தால்தான்.

அடுத்து லாரி ஓட்டுநர்களுக்கு. சந்துக்குள் பின்னோக்கியே வந்து, பிளாஸ்டிக் குடங்களின் வரிசையை இடிக்காமல் தெருமுனைத் தொட்டியை நிரப்பிவிட்டு, அடுத்த நடைக்கு ஓடுவார்கள். ஸ்டியரிங் மேல் தலை சாய்த்து ஒருவர் உறங்கியதைப் பார்த்திருக்கிறேன். (அதே மாதத்தில் ஒரு தனியார் லாரிக்காரர் வாய்க்கு வந்த விலை கேட்டதும் நினைவிருக்கிறது. அவருக்கு இந்த மடலில் இடமில்லை.)

இனி தண்ணீர் ரயில். எங்கள் வீடு அயனாவரத்தில். ரயில் வந்து நின்ற வில்லிவாக்கம் எட்டும் தூரம். ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து முதல் ரயில் 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டரோடு வந்தபோது, கூட்டத்தோடு கூட்டமாக நானும் போய்ப் பார்த்தேன். அங்கிருந்து குழாய் வழியாகக் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையத்துக்குப் போனது. ஜோலார்பேட்டைக்காரர்களே, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது? அது உங்களுக்கே காவிரியிலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாயில் வரும் தண்ணீர். நீங்களும் குடம் தூக்கிப் பழகியவர்கள். சென்னைக்குத் தந்தால் எங்கள் கதி என்ன என்று உங்கள் பக்கத்தில் குரல் எழுந்தது நியாயம்தான். அப்படி இருந்தும் 200 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து அது எங்களிடம் வந்து சேர்ந்தது. ரயில்வே ஊழியர்களுக்கும் அந்த நன்றியில் பங்குண்டு.

ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். ஒரு ரயிலின் 25 லட்சம் லிட்டர், குறைத்துக் கொடுத்த 52 கோடியில் அரை சதவீதம்கூட வராது. புகைப்படம் எல்லாம் ரயிலுக்குப் போயிற்று. பாரம் சுமந்தது வேறு இடங்கள். அவர்களை யார் படம் பிடித்தார்கள்?

வீராணத்தைச் சொல்கிறேன். சோழர் வெட்டிய ஏரி, கடலூர் மாவட்டத்தில் சுமார் 45,000 ஏக்கருக்குப் பாசனம். அந்த ஏரித் தண்ணீர்தான் 2004 முதல் குழாய் வழியாகச் சென்னைக்கு வருகிறது. இந்த வறட்சியில் நான்கு ஏரிகளும் கைவிட்டபோது எங்களைத் தாங்கிய பெரிய தூண் அதுதான். அந்த வயல்காரர்கள் தங்கள் மடையைப் பார்த்துக்கொண்டே எங்களுக்கு விட்டுக்கொடுத்தார்கள்.

பூண்டி, தாமரைப்பாக்கம் பக்கத்து விவசாயிகளின் கிணறுகளிலிருந்தும் வாரியம் தண்ணீர் வாங்கியது. பணம் வாங்கிக்கொண்டுதானே கொடுத்தார்கள் என்று என் மகன் கேட்டான். வாங்கினார்கள்தான். கோடை முழுவதும் இறைத்த கிணறு எந்த ஆழத்துக்கு இறங்கும் என்று அவனுக்குத் தெரியாது; நான் கிணற்றடியில் வளர்ந்தவள்.

சிக்கராயபுரம் கல்குவாரிகளில் தேங்கிய தண்ணீரைக்கூடச் செம்பரம்பாக்கத்துக்குக் கொண்டுபோய்ச் சுத்திகரித்துக் கொடுத்த பொறியாளர்களுக்கும், மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் இரவு பகலாகக் கடல்நீரைக் குடிநீராக்கியவர்களுக்கும் வணக்கம். கடல்நீரைக் குடிப்பதா என்று முகம் சுளித்தவள் நான். இந்தக் கோடையில் அந்தப் பேச்சை விட்டுவிட்டேன். 20 லட்சம் லிட்டர் ரயிலில் அனுப்பத் தயார் என்று சொன்ன கேரளத்துக்கும் நன்றி. கேட்ட வார்த்தையே அன்று நெஞ்சை நனைத்தது. செப்டம்பர் இறுதியில் கண்டலேறிலிருந்து கிருஷ்ணா நீரைத் திறந்துவிட்ட ஆந்திரத்துக்கும் நன்றி.

கடைசியாக எதிர் வீட்டு அக்காவுக்கு. அவர் வீட்டு அடிபம்பில் மட்டும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதற்குப் பூட்டுப் போடவில்லை.

தீபாவளிக்கு வால்வுத் தம்பிக்கு அதிரசம் கொண்டுபோய்க் கொடுத்தேன். "முறுக்கு இருக்கிறதா அம்மா?" என்று கேட்டார். நாளைக்குச் சுடலாம் என்றிருக்கிறேன், மாவு ஊறுகிறது.

இப்படிக்கு,
அயனாவரத்துக் குடும்பத் தலைவி ஒருத்தி
நவம்பர் 2019