ஹஜர் மலை வெறும் மொட்டைப் பாறையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழில் வந்த ஓமன் பயணக் கட்டுரையில் மஸ்கட் கடைத்தெரு, கோட்டை எல்லாம் அருமை. ஆனால் ஹஜர் மலைத்தொடரை மட்டும் "வழியெல்லாம் மொட்டைப் பாறை" என்று ஒரே வரியில் தாண்டிவிட்டார் கட்டுரையாளர். அந்த மலையடியில் இருக்கும் நிஸ்வா நகரத்தில் பதினொரு வருஷம் வேலை பார்த்தவன் நான், மனசு கேட்கவில்லை.

அரபியில் ஹஜர் என்றாலே கல்தான். முசந்தம் முனையில் தொடங்கி சூர் பக்கம் வரை 500 கிலோமீட்டருக்கு மேல் நீளும் இந்த மலையில் ஒரு பெரிய பகுதி, சுமார் 9.5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழ்கடலின் தரையாக இருந்தது. வழக்கமாகக் கடல்தரை கண்டத்தோடு மோதினால் அதற்கு அடியில் போய்ச் செருகிக்கொள்ளும், இங்கே மேலே ஏறி உட்கார்ந்துவிட்டது. கடலடியில் துளை போட்டுத் தேட வேண்டிய பாறையை இங்கே நடந்து போய்த் தொடலாம், அதற்காகவே உலகம் முழுவதிலிருந்தும் புவியியலாளர்கள் வருகிறார்கள். ஒரு துண்டை உடைத்துப் பாருங்கள். வெளியே துருப்பிடித்த பழுப்பு, உள்ளே கரும்பச்சை, நடுவே வெள்ளை நரம்பு. மழைநீரோடு இறங்கிய கரியமில வாயு பாறையோடு சேர்ந்து கல்லாகிப்போனதுதான் அந்த வெள்ளை.

செம்பும் இதே பாறையில்தான். சுமேரியக் களிமண் பலகைகளில் வரும் செம்பு நாடான 'மகன்' (Magan) இந்தப் பகுதிதான் என்பது பெரும்பாலான ஆய்வாளர்கள் கருத்து. 4,000 வருஷத்துக்கும் மேற்பட்ட கதை!

அப்புறம் ஃபலஜ். மலையடி நீரைச் சுரங்கம் வழியாகப் பேரீச்சந்தோப்புக்குக் கொண்டுவரும் வாய்க்கால். இப்படி ஐந்தை 2006ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதில் ஒன்று பிர்கத் அல் மவ்ஸில் ஓடுகிறது, கால் வைத்தால் சில்லென்று இருக்கும். யாருக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்பதைப் பகலில் குச்சியின் நிழலையும் இரவில் நட்சத்திரத்தையும் பார்த்துப் பங்கு போட்டவர்கள் அந்த ஊர்க்காரர்கள். இதைத்தான் கட்டுரையில் எழுதியிருக்க வேண்டும்.

இன்னொன்று, இதை அவசியம் பிரசுரியுங்கள். வாதியில் கூடாரம் போட்டுத் தங்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். வாதி என்பது காய்ந்து கிடக்கும் ஆறு. அந்தப் பாறை தண்ணீரை உறிஞ்சாது, தூரத்து மலையில் மழை பெய்தால் வெயில் அடிக்கிற இடத்துக்கே திடீரென்று வெள்ளம் வந்துவிடும். மலைப் பக்கம் மேகம் கறுத்தால் உடனே மேட்டுக்கு ஏறிவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருநெல்வேலி