பிட்டுக்கு முதலில் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு விளையாட்டுப் பகுதியில் கார் பந்தயத்தின் 'டீம் ஆர்டர்' பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஒரே அணியில் ஓடும் இருவரில் ஒருவரை மற்றவருக்கு வழிவிடச் சொல்வது ரசிகர்களை ஏமாற்றுவது, ஃபார்முலா ஒன்னில் அதை அடியோடு தடை செய்ய வேண்டும் என்று கட்டுரையாளர் முடித்திருந்தார். அவருடைய ஆதங்கம் நியாயமானது. ஆனால் அவர் கேட்கும் தடை 2003 முதல் 2010 வரை எட்டு சீசன் நடைமுறையில் இருந்து, ஒன்றுக்கும் உதவாமல் போய், நீக்கப்பட்ட தடை. கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அந்தத் தடையைக் கொண்டுவந்தது 2002 ஆஸ்திரியப் பந்தயம். முன்னிலையில் ஓடிக்கொண்டிருந்த ஃபெராரி அணியின் பாரிக்கெல்லோ, அணி உத்தரவிட்டதால் கடைசிச் சுற்றில் முடிவுக் கோட்டை நெருங்கும்போது வேகத்தைக் குறைத்து, அதே அணியின் ஷூமாக்கரை முன்னே விட்டார். வித்தியாசம் 0.182 விநாடி. பார்வையாளர்கள் கூச்சல் போட, ஷூமாக்கர் மேடையில் பாரிக்கெல்லோவைப் பிடித்து முதல் படியில் நிறுத்தினார். ஃபெராரிக்கு 10 லட்சம் டாலர் அபராதம், அதில் பாதி நிறுத்திவைப்பு. அதுவும் வழிவிட்டதற்காக அல்ல, மேடை ஒழுங்கை மீறியதற்காக. வழிவிடச் சொல்லக் கூடாது என்று அன்றைக்கு விதியே கிடையாது. அந்த உத்தரவால் ஷூமாக்கருக்குக் கூடுதலாக வந்தது 4 புள்ளி. ஆண்டு முடிவில் அவர் 144, பாரிக்கெல்லோ 77. எதற்காக அந்த உத்தரவு?

தடை வந்தது. 2010-இல் ஜெர்மனியின் ஹாக்கன்ஹைமில் என்ன நடந்தது? முன்னால் போய்க்கொண்டிருந்த ஃபெராரியின் மாசாவிடம், பின்னால் வரும் நம் அணியின் அலோன்சோ உன்னைவிட வேகமாக இருக்கிறார், புரிந்ததா என்று இஞ்சினியர் ரேடியோவில் கேட்டார். வழிவிடு என்ற சொல் அதில் எங்குமே இல்லை. 49-ஆம் சுற்றில், ஒரு வளைவைத் தாண்டியதும் மாசா ஆக்சிலரேட்டரைத் தளர்த்தினார். அலோன்சோ கடந்தார். அபராதம் 1 லட்சம் டாலர், பந்தய முடிவு மாறவில்லை. 2011-இல் அந்த விதியையே எடுத்துவிட்டார்கள்.

எடுத்தது சரிதான். இஞ்சினியர் ஓட்டுநரிடம் நாள் முழுக்கப் பேசுவதே பெட்ரோல் மிச்சம், டயர் சூடு, இஞ்சின் அமைப்பு பற்றித்தான். 'டயரைப் பார்த்துக்கொள்' என்று சொன்னால் அது உண்மையான எச்சரிக்கையா, முந்தாதே என்ற உத்தரவா என்று வெளியில் இருப்பவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? நிரூபிக்கவே முடியாத குற்றத்துக்கு விதி எழுதினால் ஜாடைப் பேச்சுதான் வளரும்.

நம் வட சென்னையில் கேரம் பலகை இல்லாத தெரு குறைவு. டபுள்ஸில் எதிரே உட்கார்ந்திருக்கும் பார்ட்னருக்குத் தோதாகக் காயைத் திறந்துவிட்டால் யாரும் ஏமாற்று என்று சொல்வதில்லை, அதைக் கெட்டிக்காரத்தனம் என்போம். காரணம், இருவருக்கும் ஒரே கணக்கு. கார் பந்தயத்தில் கணக்கு இரண்டு. அணிக்கான பட்டத்தில் இருவர் புள்ளியும் சேர்கிறது, ஓட்டுநர் பட்டத்தில் ஆளுக்கு ஆள் தனி. மற்ற அணிக்காரர்களைத் தோற்கடிப்பதைவிடத் தன் அணிக்காரரைத் தோற்கடிப்பதுதான் ஓட்டுநருக்கு முக்கியம், ஏனென்றால் அவரிடம் மட்டும்தான் அதே கார் இருக்கிறது. இந்த இரட்டைக் கணக்கை வைத்துக்கொண்டு, அணி எதையும் சொல்லக் கூடாது என்பது நடக்கிற காரியம் இல்லை.

அதனால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. நியாயம் கெடுவது பெரும்பாலும் வழிவிடும் அந்த ஒரு நொடியில் அல்ல. டயர் மாற்ற யாரை முதலில் கூப்பிடுகிறார்கள் என்பதில்தான் கெடுகிறது. டிவியில் பார்ப்பவர் கண்ணில் அது படுவதே இல்லை, ஆகவே கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

புது டயரில் ஓடுபவர் தேய்ந்த டயரில் ஓடுபவரைவிடச் சுற்றுக்கு ஒரு விநாடி, சில தடங்களில் அதற்கு மேலும் வேகமாகப் போவார். பிட்டுக்குள் (தடத்தை ஒட்டி டயர் மாற்றும் இடம்) போய் வருவதால் ஏறக்குறைய 20 விநாடி இழப்பு என்றாலும், அது இருவருக்கும் பொது. ஆகவே ஒன்றரை விநாடி பின்னால் வருபவரை இரண்டு சுற்று முன்னதாகக் கூப்பிட்டுவிட்டால் போதும். முன்னால் இருந்தவர் தன் டயரை மாற்றிக்கொண்டு வெளியே வரும்போது, பின்னால் இருந்தவர் அவரைத் தாண்டிப் போயிருப்பார். தடத்தில் ஒரு முந்தலும் நடக்காது. இதற்குத்தான் அண்டர்கட் என்று பெயர். அதனால்தான் முன்னால் இருப்பவருக்கே முதல் அழைப்பு என்பது எழுதாத வழக்கம்.

வழக்கத்தை மீறுவதற்கு நேர்மையான காரணமும் உண்டு. அணியின் இரண்டாவது காருக்குப் பின்னால் வரும் எதிரணிக்காரர் சீக்கிரம் டயர் மாற்றிவிட்டால், அவர் வேகம் பிடித்து அந்த இரண்டாவது காரைத் தாண்டிவிடுவார். அதைத் தடுக்க இரண்டாவது காரை உடனே கூப்பிட்டாக வேண்டும். இரண்டையும் ஒரே சுற்றில் கூப்பிடலாமே என்று தோன்றும். அணிக்குப் பிட்டில் நிற்க ஒரே இடம்தான். ஒவ்வொரு சக்கரத்துக்கும் மூன்று பேர்: நட்டைக் கழற்ற ஒருவர், பழைய சக்கரத்தை இழுக்க ஒருவர், புதியதை மாட்ட ஒருவர். முதல் கார் கிளம்பி, அடுத்த காரின் டயர்கள் கைக்கு வர நான்கைந்து விநாடியாவது வேண்டும். இடைவெளி அதைவிடக் குறைவு என்றால் பின்னால் வந்தவர் வரிசையில் நின்று நேரத்தை இழப்பார்.

2024 ஹங்கேரியில் மெக்லாரன் அணி மாட்டிக்கொண்டது இதில்தான். போலில், அதாவது தொடக்க வரிசையின் முதல் இடத்தில், நின்றவர் அந்த அணியின் நாரிஸ், முதல் வளைவிலேயே முன்னிலையைப் பிடித்தவர் அவருடைய அணிக்காரர் பியாஸ்ட்ரி. எதிரணியின் ஹாமில்டன் முன்கூட்டியே டயர் மாற்றியிருந்ததால், பின்னால் இருந்த நாரிஸை 45-ஆம் சுற்றில் கூப்பிட்டார்கள், முன்னால் இருந்த பியாஸ்ட்ரியை 47-இல். நாரிஸ் முன்னால் வந்துவிட்டார். பிறகு இடத்தைத் திருப்பிக் கொடு என்று நாரிஸிடம் இருபது சுற்றுக்கு மேல் ரேடியோவில் கெஞ்சல். 68-ஆம் சுற்றில், 70 சுற்றுப் பந்தயத்தில், நாரிஸ் இடத்தைத் திருப்பிக் கொடுத்தார். பார்த்தவர்களுக்கு 'பியாஸ்ட்ரிக்கு வெற்றியைத் தூக்கிக் கொடுத்தார்கள்' என்றே பட்டது. உண்மையில் அணி தன் கையால் கலைத்த வரிசையைத் தானே சரிசெய்தது. அந்த உத்தரவில் எனக்குக் குறை எதுவும் தெரியவில்லை. இவ்வளவு தாமதித்துச் சொன்னதுதான் தவறு.

2025-இல் இத்தாலியின் மான்சாவில் அதே அணிக்கு நடந்தது அப்படி அல்ல. இரண்டாம் இடத்தில் நாரிஸ், மூன்றில் பியாஸ்ட்ரி. பின்னால் எதிரணியின் லெக்ளேர் இருந்ததால் பியாஸ்ட்ரியை முதலில் கூப்பிட்டார்கள், அவர் உன்னைத் தாண்டமாட்டார் என்று நாரிஸிடம் ஒப்புக்கொண்ட பிறகு. பியாஸ்ட்ரிக்கு டயர் மாற்ற 1.9 விநாடி ஆனது. அடுத்த சுற்றில் வந்த நாரிஸுக்கு முன் இடது சக்கரம் சிக்கி 5.9 விநாடி ஆனது. பியாஸ்ட்ரி முன்னால் போனார், இடத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். மெதுவான பிட் ஸ்டாப் பந்தயத்தின் ஒரு பகுதி என்றுதானே பேசி வைத்திருந்தோம் என்று கேட்டுவிட்டு, கொடுத்தார்.

அவர் கேட்டது சரியான கேள்வி. வரிசையை மாற்றியது அணியின் முடிவு, சக்கரம் சிக்கியது விபத்து. முன்னதற்கு அணி ஈடு செய்யலாம். பின்னதற்கும் ஈடு என்றால், நாளைக்குக் கிளட்ச் சறுக்கினாலும் மற்றவர் நின்று காத்திருக்க வேண்டுமா? இடமாற்றத்தால் நாரிஸுக்கு 15-க்குப் பதில் 18 புள்ளி. ஆண்டு முடிவில் ஓட்டுநர் பட்டத்தில் அவர் 423, எதிரணியின் வெர்ஸ்டாப்பன் 421. அந்த 3 புள்ளியைக் கழித்தால் 420. மற்றப் பந்தயங்கள் அப்படியே நடந்திருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாதுதான். ஆனாலும் பிட்டில் இருந்து அணி எடுக்கும் ஒரு முடிவின் எடை என்ன என்பது இந்தக் கழித்தலில் தெரியும்.

இன்னொன்று, பாகங்கள். 2010-இல் பிரிட்டனின் சில்வர்ஸ்டோனில் ரெட் புல் அணியிடம் புது வகை முன் இறக்கை இரண்டே இரண்டு இருந்தது. பயிற்சியில் அதன் ஓட்டுநர் வெட்டலுடையது உடைந்ததும், மற்ற ஓட்டுநரான வெப்பர் காரில் இருந்ததைக் கழற்றி வெட்டலுக்கு மாட்டினார்கள். பழைய இறக்கையோடு ஓடி வெப்பர் வென்றார், இரண்டாம் நம்பர் ஓட்டுநருக்கு இது மோசமில்லை என்று ரேடியோவில் சொன்னார். புள்ளியில் முன்னால் இருப்பவருக்கே புதிய பாகம் என்பது முன்பே சொல்லப்பட்டிருந்தால் அவர் அதை விழுங்கியிருக்கக் கூடும். சனிக்கிழமை மதியம் கழற்றிக்கொண்டு போனால் யாருக்குத்தான் பொறுக்கும்?

உத்தரவை மீறுவதும் எப்போதும் வீரம் ஆகாது. 2013 மலேசியாவில் அதே ரெட் புல் சொன்ன 'மல்டி 21' என்ற குறிச்சொல்லின் பொருள், 2-ஆம் எண் காரில் வெப்பர் முன்னால், 1-ஆம் எண் காரில் வெட்டல் பின்னால் அப்படியே முடியுங்கள் என்பது. அதை நம்பி வெப்பர் இஞ்சின் சக்தியைக் குறைத்து ஓட்டினார். வெட்டல் அந்த நேரம் பார்த்து முந்தினார். துணிச்சல் என்று கொண்டாடியவர்கள் நிறைய பேர். ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும்போது மற்றவர் குத்துவதை நம் ராயபுரம் குத்துச்சண்டைக்காரர்கள் எந்தப் பெயரில் அழைப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஆகவே நான் வேண்டுவது தடை இல்லை, முன்னறிவிப்பு. முதல் அழைப்பு யாருக்கு, எந்தச் சூழலில் அது மாறும், மாறினால் இடம் திரும்ப வருமா, பிட்டில் நேரும் தவறுக்கு ஈடு உண்டா, புள்ளிப் பட்டியலில் எவ்வளவு வித்தியாசம் வந்தபின் அணி ஒருவர் பக்கம் சாயும். இவ்வளவையும் சீசன் தொடங்கும் முன் ஓட்டுநர் இருவர் கையிலும் எழுத்தாகக் கொடுத்து, வெளியிலும் சொல்லிவிட்டால், பந்தயத்தின் நடுவில் சமாதானம் பேச வேண்டியதில்லை. இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் ஓடும் நம் அணிகளுக்கும் இது பொருந்தும். வளரும் பையன்களின் அடுத்த ஆண்டு வாய்ப்பு அந்த இரண்டு மூன்று புள்ளியில் தொங்குகிறது.

உங்கள் பத்திரிகையிடம் ஒரு வேண்டுகோள். செங்குன்றம் தாண்டிச் சோழவரம் விமானத் தளத்தில் ரேஸ் நடந்த காலத்தில் இருந்து இந்தப் பக்கத்து மக்களுக்கு மோட்டார் பந்தயம் புதிதல்ல. ஐரோப்பியப் பந்தயம் என்றால் ஞாயிறு மாலை ஆறரை மணிக்குப் பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டும் செல்போனில் பார்க்கிறார்கள். அவர்களுக்கு முதல் பத்து இடமும் நேர வித்தியாசமும் மட்டும் போட்டால் போதாது. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் எந்தச் சுற்றில் டயர் மாற்றினார், எத்தனை விநாடி நின்றார் என்று இரண்டு எண் சேர்த்துப் போடுங்கள். ஹங்கேரி அன்று 'நாரிஸ் 45, பியாஸ்ட்ரி 47' என்று அச்சிட்டிருந்தால், வெற்றியை யார் யாருக்குத் தூக்கிக் கொடுத்தார்கள் என்பதை வாசகரே பார்த்துக்கொண்டிருப்பார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மாதவரம், சென்னை-60