அளக்காமல் ஊகிக்கும் ட்யூனிங் கருவி குறித்துப் புகார்

அனுப்புநர்: பியானோ ட்யூனர், குன்னூர், நீலகிரி மாவட்டம்.

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர் பிரிவு.

பொருள்: அப்டேட்டில் நீக்கிய இன்ஹார்மோனிசிட்டி அளவீட்டைத் திரும்பத் தரக் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

மூன்று வருடங்களுக்கு முன் 42,000 ரூபாய் கொடுத்து உங்கள் மின்னணு ட்யூனிங் கருவியை வாங்கினேன். ஒவ்வொரு பியானோவின் இன்ஹார்மோனிசிட்டியையும் அந்தந்தக் கம்பியைக் கேட்டே அது அளந்தது. அதற்காகத்தான் வாங்கினேன். நவம்பரில் நீங்கள் அனுப்பிய அப்டேட் அந்த வசதியை எடுத்துவிட்டது. முன்பு எட்டு சுரங்களைக் கேட்ட கருவி இப்போது நடுப்பகுதியிலுள்ள ஏ4 என்ற சுரம் ஒன்றை மட்டும் கேட்டுவிட்டு, மீதி 87 சுரங்களையும் எவ்வளவு ஏற்றி இறக்கி வைப்பது என்று தானாக ஒரு வளைவைப் போட்டுக்கொள்கிறது. பழைய வெர்ஷனுக்குத் திரும்பவும் வழி வைக்கவில்லை.

இதைப் படிப்பவர் ட்யூனிங் தெரிந்தவராக இல்லாமல் இருக்கலாம் என்பதால் கொஞ்சம் விளக்குகிறேன். பியானோக் கம்பி விறைப்பான எஃகு. அதன் மேல்சுரங்கள் அடிச்சுரத்துக்குச் சரியாக இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு என்று நிற்பதில்லை. மேலே போகப் போகக் கூடுதலாக ஏறிப் போகும். இந்த ஏற்றத்தைத்தான் இன்ஹார்மோனிசிட்டி என்கிறோம். எவ்வளவு ஏறும் என்பது கம்பியின் தடிமன், நீளம், இழுவிசை மூன்றையும் பொறுத்தது. தடித்த குட்டைக் கம்பியில் அதிகம், மெல்லிய நீளக் கம்பியில் குறைவு. அதனால்தான் ஆக்டேவை, அதாவது ஒரே பெயருள்ள அடுத்தடுத்த இரண்டு சுரங்களின் இடைவெளியை, கொஞ்சம் விரித்து வைக்கிறோம். உச்ச சுரங்கள் சில பியானோக்களில் 30 சென்ட் வரைகூட ஏறும் (சென்ட் என்பது அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு). எல்லாப் பியானோவுக்கும் பொதுவான சராசரி வளைவை ரெயில்ஸ்பேக் என்ற ஆய்வாளர் 1938லேயே வெளியிட்டுவிட்டார். அதற்குக் கருவி வேண்டாம், ஒரு தாள் போதும். என் முன்னால் நிற்கிற இந்த ஒரு பியானோவைக் கேட்கத்தான் கருவி வேண்டும்.

டிசம்பரில் கோத்தகிரியில் ஒரு தேவாலயத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே இருப்பது நான்கடி உயர பழைய அப்ரைட் பியானோ. மலைப் பனியும் வடகிழக்குப் பருவமழை ஈரமும் தாங்க, உள்ளே ஒரு குண்டு பல்பை எரியவிட்டுக் காப்பாற்றி வருகிறார்கள். செம்பு சுற்றிய பாஸ் கம்பிகள் முடிந்து வெறும் எஃகுக் கம்பிகள் தொடங்கும் இடம் அதில், நடு சி-க்குக் கீழே உள்ள எஃப்3 சுரத்தின் பக்கம் வருகிறது. குட்டைப் பியானோக்களில் அந்த இடத்தில் இன்ஹார்மோனிசிட்டி சட்டென்று தாவும். ஏ4-ஐ மட்டும் கேட்டால் அந்தத் தாவல் எப்படித் தெரியும்?

கருவி காட்டியபடியே ட்யூன் செய்து முடித்தேன். ஒரே சுரத்துக்குரிய மூன்று கம்பிகளும் ஒன்றாக நின்றன, மேல் பகுதி அழகாக இருந்தது. கேரல் பாட்டுக்கு வாசிக்கிற டீச்சர் வந்து உட்கார்ந்து நாலு வரி வாசித்துவிட்டு நிறுத்தினார். "தம்பி, இடது கை ஒண்ணு பேசுது, வலது கை ஒண்ணு பேசுது" என்றார். அவர் சொன்னது சரி. எஃப்3–எஃப்4 ஆக்டேவில் நொடிக்கு இரண்டு பீட் (சுரம் சேராததால் ஒலி ஏறி இறங்கும் துடிப்பு) அடித்துக்கொண்டிருந்தது.

முந்தைய வருடம் இதே கருவி அளந்ததை என் நோட்டில் எழுதி வைத்திருந்தேன்: எஃப்3க்கு இன்ஹார்மோனிசிட்டி எண் 0.0007. இப்போது ஊகித்துப் போட்டது 0.0003. அடிச்சுரத்தின் நான்கு மடங்கு மேல்சுரத்தில் இந்த வித்தியாசம் ஐந்து சென்ட். ஏறக்குறைய 700 ஹெர்ட்ஸில் ஐந்து சென்ட் என்றால் அந்த இரண்டு பீட் வந்துவிடுகிறது. அப்புறம் கருவியை அணைத்துவிட்டு, அப்பா சொல்லிக்கொடுத்தபடி ட்யூனிங் ஃபோர்க்கை வைத்துக் காதால் டெனரை, அதாவது பாஸுக்கு அடுத்த பகுதியை, முழுக்கத் திரும்பச் செய்தேன். குன்னூருக்குக் கடைசி பஸ் போய்விட்டது.

உங்களுக்கு மூன்று முறை எழுதினேன். முதலில் மைக் கோளாறு என்றீர்கள். குன்னூரில் நான்கு பியானோக்களில் சோதித்துக் காட்டினேன். அடுத்து, இந்த மாற்றம் நேரத்தை மிச்சப்படுத்தும் மேம்பாடு என்றீர்கள். எட்டு சுரங்களை அளக்க எனக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது, அந்த ஐந்து நிமிடம் எனக்கு வேண்டும். மூன்றாவது பதிலில் பழைய பியானோக்களுக்குக் கருவி பொருந்தாது என்றீர்கள். பெட்டியோடு வந்த கையேட்டில் அப்படி ஒரு வார்த்தை இல்லை. இந்த மலையில் நான் பார்ப்பவற்றில் பெரும்பாலானவை பழைய பியானோக்கள்தான். அறுந்த கம்பிக்குப் பதிலாகக் கையில் கிடைத்த தடிமனில் வேறு கம்பி போட்டவைகூட உண்டு. சராசரி பொருந்தாத பியானோவுக்குத்தானே அளவீடு தேவை?

எட்டு சுர அளவீட்டை ஒரு தேர்வாகவாவது திரும்பக் கொடுங்கள், அல்லது பழைய வெர்ஷனை என் கருவியில் ஏற்றிக் கொடுங்கள். இரண்டும் முடியாது என்றால் கருவியைப் பெற்றுக்கொண்டு பணத்தைத் திருப்பித் தாருங்கள். முப்பது நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் வராவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி உதகையிலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

பில் நகல், நோட்டுப் பக்கங்கள், கருவி சொன்னபடி ஒன்றும் காதால் திருத்திய பின் ஒன்றுமாக எஃப்3–எஃப்4 ஒலிப்பதிவுகள் இரண்டும் இணைத்துள்ளேன். பதில் எழுதும் முன் அந்த இரண்டையும் ஒருமுறை கேளுங்கள்.

இப்படிக்கு,
பியானோ ட்யூனர், குன்னூர்