ஒப்பரேஷனை நிறுத்தப் போன தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

கோயில் திடலில் நீங்கள் பேசியதை நானும் கூட்டத்தில் நின்று கேட்டேன். "நம்ம மலையகச் சனம் குறைஞ்சுக்கிட்டே போகுது, இனி ஒரு பொம்பளையும் ஒப்பரேஷனுக்குப் போகக்கூடாது" என்றீர்கள். நல்ல கைதட்டல். அதற்கு அடுத்த வாரம் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்துக் காம்பராவுக்குப் போனீர்கள். மறுநாள் கருத்தடை ஒப்பரேஷனுக்குப் போகவிருந்த பெண் போகவில்லை.

மேடையில் சொன்ன விஷயம் என்பதால் நானும் எல்லோரும் பார்க்க எழுதுகிறேன். அந்தப் பெண்ணிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். தோட்டத்தின் பெயரையும் டிவிசனையும் போடவேண்டாம் என்றார். போடவில்லை.

நீங்கள் போன நேரம் அவர் அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். கணவர் எழும்பி, வீட்டில் இருந்த ஒரே கதிரையை உங்களுக்குத் தந்தார். மாமியார் பிளேன்டீ ஊற்றினார். நீங்கள் கணவரோடு பேசினீர்கள், மாமியாரோடு பேசினீர்கள். "தலைவரே வந்து சொல்றாரு" என்று அவர்களும் தலையாட்டினார்கள். அடுப்படிக்கும் காம்பராவுக்கும் நடுவில் தொங்குவது ஒரு பழைய சேலை. அதற்குப் பின்னால் நின்றவருக்கு எல்லாம் கேட்டது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா தம்பி?

கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். மூன்றாவது பிள்ளை பிறந்தபோது இரத்தம் நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் இரத்தம் ஏற்றித்தான் பிழைக்க வைத்தார்கள். இன்னும் உடம்பில் இரத்தம் காணாது, மலை ஏறினால் மூச்சு வாங்குகிறது, அதோடுதான் கொழுந்துக்குப் போகிறார். கருத்தடை ஊசி போட்டுப் பார்த்தார், ஒத்துவரவில்லை. கர்ப்பப்பையில் வைக்கிற லூப்பும் சரிவரவில்லை. கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ்ஸிடம் திரும்பத் திரும்பக் கேட்டு, டொக்டரிடம் பேசி, தானே எடுத்த முடிவு இது. இந்தக் காரணங்கள் ஒன்றும் இல்லாமல் "எனக்கு மூணு போதும்" என்று மட்டும் சொல்லியிருந்தாலும் அது அவருடைய முடிவுதான். உங்களுக்கோ எனக்கோ விளக்கம் சொல்லவேண்டிய கடமை அவருக்கு இல்லை.

உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது, அதை மறைக்கமாட்டேன். 1980களில் ஒப்பரேஷன் செய்துகொள்கிறவர்களுக்கு அரசாங்கம் 500 ரூபாய் கொடுத்தது. அன்றைய தோட்டச் சம்பளத்துக்கு அது எவ்வளவு பெரிய காசு! எங்கள் அம்மாமார் காலத்தில் தோட்ட லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மற்ற முறைகள் இருக்கின்றன என்று பலருக்கு யாரும் சொல்லவே இல்லை. கட்டினதை அவிழ்க்கலாம் என்று நம்பிக்கொண்டு போனவர்களும் உண்டு. அது அநியாயம். அந்தப் பெண்களிடம் யாரும் முறையாகக் கேட்கவில்லை என்பதுதான் அதில் இருந்த அநியாயம். தம்பி, நீங்களும் கேட்கவில்லை. அன்று தோட்டத்துத் துரைமார் "போ" என்றார்கள், இன்று நீங்கள் "போகாதே" என்கிறீர்கள்.

சனத்தொகைக் கணக்கும் சொன்னீர்கள். 2012இல் மலையகத் தமிழர் நாம் நாட்டின் சனத்தொகையில் 4.1 சதவீதமாக இருந்தோம், 2024 கணக்கெடுப்பில் 2.8 என்று வந்திருக்கிறது. பார்த்தபோது எனக்கும் வயிறு கலங்கியது. ஆனால் நம்மைக் குறைத்தது யார்? 1948 பிரஜாவுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று நம்மைக் கேட்காமலே பங்கு போட்டது. 77 கலவரத்திலும் 83 கலவரத்திலும் அடிவாங்கி வன்னிக்குப் போனவர்கள் எத்தனை குடும்பம். கணக்கெடுக்க வந்தவரிடம் இலங்கைத் தமிழர் என்று பதிந்துகொண்டவர்களும் நம்மில் நிறையப் பேர். இத்தனையையும் ஒரு பெண் நாலாவது பிள்ளை பெற்று ஈடுகட்டவேண்டுமா? அவர் செத்துப்போனால் அந்த மூன்று பிள்ளைகளை யார் பார்ப்பது, சங்கமா?

எண்ணிக்கையை வைத்துக் கர்ப்பப்பையில் அரசியல் செய்தால் என்ன ஆகும் என்று 2019இல் குருணாகலில் பார்த்தோம். ஒரு முஸ்லிம் டொக்டர் ஆயிரக்கணக்கான சிங்களப் பெண்களுக்குத் தெரியாமல் கருத்தடை செய்துவிட்டார் என்று கிளப்பிவிட்டார்கள். அவரைக் கைதுசெய்தார்கள். நூற்றுக்கணக்கான தாய்மார் முறைப்பாடு கொடுக்க வரிசையில் நின்றார்கள். குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லை என்று பிறகு குற்றப் புலனாய்வுத் திணைக்களமே நீதிமன்றத்தில் சொன்னது. அந்தப் பெண்களின் பயத்துக்கு யார் பதில் சொன்னார்கள்? அப்போது நீங்களும்தான் அதைக் கண்டித்துப் பேசினீர்கள்.

இன்னொன்று. அவருக்கு ஒப்பரேஷன் திகதி எது என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது? ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற யாரோ போனில் சொன்னதாகப் பேச்சு. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை வைத்து நீங்கள் பாதைக் கொந்தராத்துக் கணக்குகளைக் கேட்டு வாங்கியிருக்கிறீர்கள், அதற்காக உங்களை மெச்சியிருக்கிறேன். அதே சட்டத்தின் 5ஆம் பிரிவைப் படியுங்கள். ஒருவருடைய மருத்துவப் பதிவுகளை, அவர் எழுத்தில் சம்மதம் தராமல், யாருக்கும் கொடுக்கவேண்டியதில்லை. அரசாங்கக் கணக்கையெல்லாம் திறந்துவிட வந்த சட்டமே நோயாளியின் புத்தகத்தை மூடித்தான் வைத்திருக்கிறது.

நீங்கள் சண்டை பிடிக்கவேண்டிய இடம் வேறு இருக்கிறது. அவரிடம் சம்மதம் கேட்டு நீட்டிய படிவம் சிங்களத்தில் இருந்தது. அவர் ஓ.எல். வரை தமிழில் படித்தவர். "இங்க சைன் பண்ணுங்க" என்று நேர்ஸ் விரலால் ஓர் இடத்தைக் காட்டியிருக்கிறார். மிட்வைஃப் மிஸ் முன்பே விளங்கப்படுத்தியிருந்ததால் இவருக்குத் தெரியும். மற்றவர்களுக்கு? தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பில் எழுதியாயிற்று. நம் ஆட்கள் இன்னும் வாசிக்க முடியாத தாளில்தான் கையெழுத்து வைக்கிறார்கள். இதற்கு ஆஸ்பத்திரி வாசலில் நாலு பேரோடு போய் நில்லுங்கள், நானும் வருகிறேன்.

அப்புறம் அந்தக் கிளினிக் பாதை. பிரதேச சபைக் காசைத் தோட்டத்துக்குள் செலவழிக்க முடியாது என்று முன்பு சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2018இல் சட்டத்தைத் திருத்தியாயிற்று. மழைக்காலத்தில் 1990 என்ற நம்பருக்கு அடித்தால் வருகிற அம்புலன்ஸ் அந்த வளைவுக்கு மேலே ஏறுவதில்லை. பிள்ளைத்தாய்ச்சியைக் கீழே வரை தூக்கிக்கொண்டுதான் வருகிறார்கள். உங்கள் கையில் இருக்கும் அதிகாரம் அதற்கானது.

அவர் ஆஸ்பத்திரியில் வேறு திகதி கேட்டிருக்கிறார். அது எப்போது என்று விசாரிக்காதீர்கள். அந்த வீட்டுக்குப் போக நினைத்தால் ஒருமுறை போங்கள், அந்தச் சேலையைத் தாண்டி அவரைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டுவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
அக்கா